எறும்பு நடப்பதும் கேட்கும் மைக்

நூலகத்தில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது உயிரோடு இல்லை. எல்லோருக்கும் அவர் உஷ் சார்தான். வாசிப்பறையில் யாராவது நாற்காலியை இழுத்தால் போதும், புத்தக அடுக்குகளுக்கு நடுவிலிருந்து ‘உஷ்’ என்று ஒரு சத்தம் வரும். ஆள் கண்ணில் படமாட்டார். புதிதாக வந்தவர்கள் காலடியில் பாம்பு இருக்கிறதோ என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு மறுபடி படிக்க ஆரம்பிப்பார்கள்.

அந்த ‘உஷ்’தான் அவர் வாயிலிருந்து வருகிற ஆகப் பெரிய சத்தம். மற்றதெல்லாம் வெறும் காற்று. வரலாற்றுப் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பதிலுக்காகக் குனிந்து குனிந்தே கழுத்துப் பிடித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அப்படியும் விளங்காவிட்டால் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து எழுதிக் காட்டிவிடுவார். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற அகம்பாவமெல்லாம் இல்லை. அந்த மனிதருக்குக் குரலை உயர்த்தத் தெரியாது, அவ்வளவுதான்.

யார் குற்றம் என்று கேட்டால் யார் தலையில் கட்டுவது? அவருடைய அப்பாவுக்குப் பனிக்கட்டி ஆலையில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். வீடு என்று இருந்தது ஒரே அறை. சமையல், படிப்பு, அப்பாவின் தூக்கம் எல்லாம் அதற்குள்தான். அம்மா இரண்டு பிள்ளைகளையும் பூனைக்குட்டி வளர்ப்பதுபோல வளர்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைப்பதற்கு முன் துணி விரிப்பாள். பிள்ளை அழுதால் இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய், அங்கே ஆசை தீர அழவிட்டுத் திரும்பக் கூட்டிவருவாள். சின்னவளுக்கு அந்தத் தெருக்கோடி பிடித்துப்போனது. அழுகிற வயது போன பிறகும் தானாகவே அங்கே ஓடிப்போய்த் தொண்டை கிழியப் பாடிவிட்டு வருவாள். பெரியவன் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. வீட்டிலேயே உட்கார்ந்து தலைக்குள் பாடிக்கொண்டான். தலைக்குள் பாடினால் யார் தூக்கமும் கெடாது.

அப்படிப் பாடிப் பாடி அவர் தலைக்குள் ஒரு மெட்டுக் கிடங்கே சேர்ந்துவிட்டது. புத்தகம் அடுக்கும்போது ஒன்று, பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். வெளியே ஒரு சொட்டு கசிந்ததில்லை. தங்கைக்கு மட்டும் தெரியும். சின்ன வயதில் அவள் காதோடு வாயை வைத்து வார்த்தைகளை மூச்சாக ஊதுவார். ஒரு விரலை மேலும் கீழும் நகர்த்தி மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காட்டுவார். அதைப் பார்த்துக்கொண்டே அவள் தெருக்கோடிக்குப் போய் அந்தப் பாட்டைப் பாடிவிடுவாள்.

அந்தத் தங்கை இப்போது ஒரு நாள் பயணத் தொலைவில், வேறொரு ஊரில், ஓர் இசைக்குழுவில் பாடகி. பாடகி என்றால் பின்வரிசைப் பாடகி. முன்னால் நிற்பவர் பாடி முடித்த வரியைப் பின்னால் நின்று இழுக்கிற வேலை. வருடக்கணக்காக அதையே இழுத்துக்கொண்டிருந்தவள் ஒரு திங்கட்கிழமை காலையில் போன் செய்தாள்.

“அண்ணா, எனக்கு மேடை கிடைச்சிருக்கு. தனியா. என் பேர் போட்டு.”

உஷ் சாருக்குச் சந்தோஷத்தில் மூச்சு வேகமாக வந்தது. அவர் பேசுவது அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும் என்பதால் அவளே மேலே சொன்னாள்.

“ஒரே ஒரு நிபந்தனை. யாரும் இதுவரைக்கும் பாடாத புதுப் பாட்டு ஒண்ணு கொண்டுவரணும். எங்க போவேன்னு கேட்டாங்க. எங்க வீட்டுலயே இருக்குன்னு சொல்லிட்டேன். நீ சும்மா போன்ல பாடி அனுப்பு. கரகரன்னு இருந்தாலும் பரவால்ல, மெட்டு தெரிஞ்சா போதும். மத்ததை எங்க கீபோர்டுகாரர் பாத்துப்பார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. அதுக்குள்ள வரலன்னா என் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

மெட்டுக்குப் பஞ்சமா என்ன? அவரிடம் தயாராகவே ஒன்று இருந்தது. ‘தட்டாமல் போகும் காற்றே, ஒரு தடவை தட்டிப் பாரேன்.’ முதல் வரி தரையில் நடந்துபோகும். இரண்டாம் வரி மாடிப்படி ஏறுவதுபோலக் கிடுகிடுவென்று உச்சிக்குப் போய் நிற்கும். அன்று மாலையே தலையணை மேல் போனை வைத்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடினார். தலைக்குள் அது பிரமாதமாக ஒலித்தது. அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. “அண்ணா, ஃபேன் நல்லா சுத்துது. பாட்டு எப்ப வரும்?”

ஃபேனை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். வேர்வையில் குளித்துக்கொண்டே மறுபடி பாடி அனுப்பினார். “இப்ப ஃபேனும் இல்லண்ணா” என்று பதில் வந்தது.

போன் பழசு, அதன் காது மந்தம் என்று முடிவுகட்டினார். நூலகத்தில் இருப்பவருக்குப் புத்தகத்துக்கா குறை? வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வதைப் பற்றி ஒன்று கிடைத்தது. ‘தோன்றும் மெட்டைத் தோன்றியபடி பிடித்து வைக்க ஒரு சாதாரணப் போனும் ஓரளவு அமைதியான அறையும் போதும், இதற்காக எதுவும் வாங்காதீர்கள்’ என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. இது யாரோ மற்றவர்களுக்காக எழுதியது என்று நினைத்து அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து மைக் வகைகள் தொடங்கின.

மறுநாள் ஒலிபெருக்கிக் கடைக்குப் போனார். அந்தக் கடையில் ஐந்தாறு பெட்டிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டை அலறிக்கொண்டிருக்கும். கடைக்காரர் பேச்சை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளும் அளவுக்குத் தேறியவர். உஷ் சாரின் உதடு அவருக்கே பிடிபடவில்லை. அதனால் சீட்டு கைமாறியது. ‘மெல்லிய குரலையும் பிடிக்கும் மைக். விலை குறைவாக.’

“மெல்லிய குரல் யாருக்கு சார், குழந்தைக்கா?”

உஷ் சார் தன்னைக் காட்டினார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்றை எடுத்து வைத்தார். “இருக்கறதுலயே சல்லிசு. ஆனா எறும்பு நடந்தாக்கூட கேக்கும்.”

அப்போதுதான் உஷ் சாருக்கு அப்பாவின் நினைவு வந்தது. அப்பா இப்போது இவர் வீட்டில்தான் இருக்கிறார். ஆலை வேலை முடிந்து எத்தனையோ காலம் ஆகியும் உடம்பு இன்னும் ராத்திரி ஷிப்டிலேயே இருக்கிறது, பகலில்தான் தூங்குவார். காது வேறு போய்விட்டது என்று சில வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். “பையன் வாய் அசையறது தெரியுது, ஒண்ணும் கேக்கல” என்பதுதான் அதற்கு அவர் காட்டும் சாட்சி. மருமகள் பேசுவது மட்டும் நன்றாகக் கேட்கும். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மருமகள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடிப் பிள்ளையை நிறுத்துகிற குரல். அவள் பேசினால் கல்லுக்கும் கேட்கும் என்று விட்டுவிட்டார்கள். டாக்டரிடம் போகலாம் என்றால், “வயசானா காது போகும், இதைச் சொல்ல ஒரு டாக்டரா” என்று மறுத்துவிடுவார். ஆகவே ஒரே வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதற்கு நடுவில் மருமகள் வேண்டியிருந்தது. அவள் இல்லாத நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள்.

உஷ் சார் இரண்டாவது சீட்டை எழுதினார். ‘காது கேட்க ஒரு மெஷின்.’

“அதுவும் இருக்கு சார்” என்றார் கடைக்காரர். “அதுலயும் எறும்பு கேக்கும்.”

இரண்டு எறும்புகளோடும் வீட்டுக்கு வந்தார். அப்பா மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். குழாய் சொட்டுவது, கதவு முனகுவது, கரண்டி உரசுவது எல்லாம் கேட்டது. உஷ் சார் எதிரே உட்கார்ந்து, “எப்படி இருக்குப்பா?” என்று கேட்டார். அப்பா அந்த உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டு மருமகளிடம் திரும்பினார். “ஊர்ச் சத்தமெல்லாம் கேக்குது. இவன் பேசறது மட்டும் கேக்கலம்மா. மலிவுச் சரக்கு.” மெஷின் அதன் பெட்டிக்குள் போனது.

மைக்கின் கதையும் அதேதான். ஆனால் அது அவருக்குத் தெரியவில்லை. புதன்கிழமை மைக்கைக் காலரில் மாட்டிக்கொண்டு பாடினார். அப்புறம் போட்டுக் கேட்டார். கேட்கும்போதும் தலைக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருந்ததால் பதிவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவருக்குத் தனியாகப் பிரியவில்லை. அனுப்பிவிட்டார். சற்று நேரத்தில் தங்கை கூப்பிட்டாள்.

“அண்ணா, உன் பாட்டு வரல. ஆனா உங்க கீழ்வீட்டுச் சண்டை அப்படியே வந்திருக்கு. எங்க குழுவே உக்காந்து கேட்டுச்சு. தப்பு அந்த ஆள் மேலதான்னு கீபோர்டுகாரர் சொல்றார். டிரம்ஸ்காரர் ஒத்துக்கல. கடைசியில சாவியை யார் எடுத்ததுன்னு தெரிஞ்சா சொல்லச் சொன்னாங்க.”

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இங்கே சுவருக்கு வாய் இருந்தது. சுவர் இல்லாத இடம் வேண்டும் என்று தேடி, உஷ் சார் கடைசியில் துணி அலமாரிக்குள் போய்ச் சேர்ந்தார். சத்தத்தைத் துணி குடித்துவிடும் என்று அந்தப் புத்தகத்தில் பத்தாம் பக்கமோ எங்கோ இருந்தது. மனைவியின் கோட்டுகளுக்கும் தன் கால்சட்டைகளுக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தலைக்கு மேல் ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டு, கதவையும் இழுத்துச் சாத்திக்கொண்டார்.

அன்று பார்த்து விளையாட்டு டீச்சர் சீக்கிரம் வந்துவிட்டாள். மாமனார் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். கணவரைக் காணோம். படுக்கையறைக்குள் வந்து கோட்டைக் கழற்றும்போது அலமாரிக்குள்ளிருந்து கணவரின் மூச்சுக் குரல் குழைவாக வந்தது: ‘ஒரு தடவை தட்டிப் பாரேன்.’

இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவளிடம் அப்படிக் குழைந்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் தட்டினாள். உள்ளே மூச்சு நின்றது. கதவைத் திறந்தாள்.

“யார்கூட பேசிட்டிருக்கீங்க?”

அவர் போர்வைக்குள்ளிருந்து என்னவோ சொன்னார்.

“வெளிய வந்து சொல்லுங்க. போனைக் காட்டுங்க முதல்ல.”

போனில் ஓடிக்கொண்டிருந்தது பதிவுதான் என்று தெரிந்ததும் டீச்சருக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஏமாற்றம்கூட. இத்தனை நாளாக வீட்டுக்குள் நடந்த கூத்தை அவர் சீட்டுச் சீட்டாக எழுதிக் காட்டினார். கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். பதிவைக் கேட்டாள். “பாட்டு மாதிரி இல்லையே, யாரோ ரகசியம் சொல்ற மாதிரி இருக்கு. கேட்டா காது கூசுது” என்றாள்.

தங்கையும் அதையேதான் சொன்னாள். “இப்ப ஒவ்வொரு எழுத்தும் சுத்தமா கேக்குதுண்ணா. வரி ரொம்ப நல்லாருக்கு. ஆனா மெட்டு எங்க? மூச்சுக்கு ஏதுண்ணா மெட்டு?”

விஷயம் அங்கேதான் இருந்தது. காற்றை எத்தனை பெரிதாக்கிக் காட்டினாலும் அது காற்றாகத்தான் இருக்கும். ஏற்றமும் இறக்கமும் தொண்டையிலிருந்து வரவேண்டும். உஷ் சாருக்கு இது விளங்கவில்லை. பழைய வழியில், விரலை மேலும் கீழும் ஆட்டி ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். தங்கைக்கு முக்கால்வாசி பிடிபட்டதாம். கீபோர்டுகாரர்தான் அந்த விரலை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்தச் சுருதிக் கட்டையில் ஆரம்பிக்கிறது என்று கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டார். “விரலுக்கு மெட்டு போட்டு எனக்குப் பழக்கமில்ல” என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை உஷ் சார் கடைக்காரருக்கு இன்னொரு சீட்டு எழுத உட்கார்ந்தார். டீச்சர் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்தாள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். மைக்கை இப்படிக் குடுங்க.”

காலரில் மாட்டிக்கொண்டு, வகுப்பில் வருகை எடுப்பதுபோல நாலு பெயரைச் சொன்னாள். போட்டுக் கேட்டபோது போன் மேஜையில் நடுங்கியது. மைக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்துவிட்டது. போகட்டும், நீங்கள் காதில் சொல்லுங்கள், நான் பாடுகிறேன் என்று அவளே முன்வந்தாள். பாடவும் பாடினாள். நல்ல மனசு; அதில் சந்தேகமில்லை. தங்கை அதைக் கேட்டுவிட்டு ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னாள்: “அண்ணி, அணிவகுப்புக்கு இதை விட்டா வேற பாட்டு கிடையாது. நடக்காம நிக்கவே முடியல.”

அதற்குமேல் டீச்சர் தன் தொழில்முறையில் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரைப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு கோல் கம்பத்தருகே அவரை நிறுத்திவிட்டு மறுகோடிக் கம்பத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து சாதாரணமாகப் பேசினாள். அவருக்கு அது பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது.

“இப்ப என்னைக் கூப்பிடுங்க.”

எப்படிக் கூப்பிடுவது? இத்தனை வருடத்தில் அவர் மனைவியைக் கூப்பிட்டதே கிடையாது. வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று இருமுவார். கூப்பிட அவரிடம் ஒரு சொல்கூட இல்லை என்பது அப்போதுதான் இரண்டு பேருக்குமே உறைத்தது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. வேலியோரம் படுத்திருந்த நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் மைதானத்தைக் கடந்து திரும்ப நடந்து வந்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் அவருடைய கழுத்தில் கையை வைத்து, “எங்க அடைக்குது?” என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். சீட்டை எடுக்கவில்லை. அவள் காதருகே குனிந்து சொன்னார். “எப்பவும் யாரோ பக்கத்துல தூங்கற மாதிரியே இருக்கு.”

அதற்கு என்ன பயிற்சி கொடுப்பது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள்.

ஒத்திகைக்குச் சற்று முன்னால், நாலு மணி வாக்கில் தங்கை போன் செய்தாள். கூடத்தில் அப்பா நல்ல தூக்கத்தில் இருந்தார். டீச்சர் அடுப்படியில் இருந்தாள். உஷ் சார் படுக்கையறைக்குள் போய்ப் போனை எடுத்தார். குரலைக் கேட்டதும் முதலில் தவறான அழைப்பு என்றே நினைத்தார்.

“அண்ணா, பரவால்ல விடு. எல்லாரும் கிளம்பி வந்துட்டாங்க. இதுக்கு மேல அவங்களைக் காக்க வெக்க முடியாது. நான் பின்வரிசையிலயே நின்னுக்கறேன். பழகின இடம்தானே. நீ மனசுல வெச்சுக்காத.”

சொன்னது அவரை வருத்தியது. சொன்ன விதம்தான் அவரை அடித்துப் போட்டது. அவள் மெல்லப் பேசினாள். பிறந்த நாளிலிருந்து குரலைத் தாழ்த்தத் தெரியாத பெண், வாயைப் பொத்த வந்த அம்மாவின் கையைக் கடித்துவிட்டுத் தெருக்கோடிக்கு ஓடிய பெண், இப்போது அவரைப் போலவே மூச்சில் பேசினாள். அந்த ஒற்றை அறை அவளையும் கடைசியில் பிடித்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. தன்னால்தான் பிடித்தது என்றும் தோன்றியது. அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத, வாழ்க்கையில் முதல் தடவையாக வந்த அசல் கோபம்.

அவள் இணைப்பைத் துண்டித்ததும் தன் போனை அப்படியே முக்காலி மேல் சாய்த்து நிறுத்தினார். மைக்கைத் தேடவில்லை. ஃபேனை நிறுத்தவில்லை. கதவுகூடத் திறந்துதான் கிடந்தது. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு நேராக நின்று வாயைத் திறந்தார்.

முதலில் வந்தது குரல் இல்லை, துரு. பல வருடம் பூட்டிக் கிடந்த இரும்புக் கதவைத் தள்ளுவதுபோல ஒரு கரகரப்பு. அதிலேயே முதல் வரி நடந்துபோனது. இரண்டாம் வரியின் அடியில் வந்து நின்றபோது அவருக்கே தெரிந்தது, இதற்குமேல் மூச்சை வைத்துக்கொண்டு ஏறமுடியாது. கத்த வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். கத்தினார். குரல் பிசிறியது, வழுக்கியது, ஆனால் ஏறியது. ‘ஒரு தடவை தட்டிப் பாரேன்’ என்று உச்சியில் போய் நின்றபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுப்படியில் டீச்சர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

கூடத்தில் கட்டில் கிறீச்சிட்டது.

உஷ் சார் அப்படியே நின்றுவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவரைப்போலக் காது இரண்டும் சுட்டன. அறை வாசலில் அப்பா வந்து நின்றார். தலைமுடி ஒரு பக்கம் எழும்பி நின்றது. கண் இன்னும் முழுக்கத் திறக்கவில்லை.

“யாரு பாடினது?”

உஷ் சார் தன்னைக் காட்டினார்.

“வாயைத் திறந்து சொல்லுடா.”

“நான்தாம்பா.”

ஒரு தடவை வெளியே வந்துவிட்ட குரலுக்கு உடனே உள்ளே போகத் தெரியவில்லை. அது அறை முழுக்கக் கேட்டது. அப்பாவின் கை தானாகக் காதுக்குப் போனது. காதில் மெஷின் இல்லை. மறு காதையும் தடவிப் பார்த்தார். அதிலும் இல்லை.

“இன்னொரு தடவை சொல்லு.”

“நான்தாம்பா பாடினேன். உங்களை எழுப்பிட்டேன்.”

அப்பா கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்து ஓடிவந்து நின்ற மருமகளைப் பார்த்தார். “இவன் பேசறது எனக்குக் கேக்குதும்மா” என்றார். அப்புறம் யாரிடம் என்றில்லாமல் சொன்னார். “இத்தனை வருஷமா என் காதுதான் போச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன். இவன் எதிர உக்காந்து என்னென்னவோ சொல்லுவான், ஒண்ணும் கேக்காது. பெத்த பிள்ளை பேசறது கேக்காம போயிடுச்சே, இனி என்ன கேட்டா என்னன்னு இருந்துட்டேன்.”

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தாள். நடுவில் அது அழுகையாகிவிட்டது. 

“சரி, எழுப்பினது எழுப்பிட்டே. பாதியில ஏன் நிறுத்தினே? பாடு.”

பாடினார். இந்தத் தடவை முதல் வரியிலிருந்தே குரலில் பாடினார். பல்லவியைத் தாண்டி, வார்த்தை இன்னும் கூடாத சரணத்தையும் தன்னன்னாவென்று பாடி முடித்தார். போன் முக்காலி மேல் சாய்ந்தபடி ஃபேன் சத்தம், கரண்டி, கட்டில், அப்பா எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது. எதையும் வெட்டத் தெரியாததால் மொத்தமாகவே அனுப்பினார்.

தங்கை உடனே கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ அந்த மெட்டை ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“கிடைச்சிடுச்சுண்ணா. ரெண்டாவது வரியில எங்க எல்லாருக்கும் உயிரே போயிடுச்சு. கீபோர்டுகாரர் கட்டை பிடிச்சிட்டார். நான் பாடறேன், என் இடம் எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க.” அங்கே வாசிப்பு தொடர்ந்தது.  “அண்ணா, நடுவுல பேசறது அப்பாவா? எழுந்துட்டாரா?”

“எழுந்து உக்காந்திருக்கார். இரு, குடுக்கறேன்.”

அந்த மனிதர் தன் மகள் பாடி ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் தெருக்கோடியில் பாடியபோது அவர் தூங்கினார். அவள் மேடை ஏறிய இரவுகளில் அவர் பனிக்கட்டிக்கு நடுவில் நின்றார். வேலை முடிந்து வீட்டோடு இருந்த காலத்தில் அவள் கூப்பிட்டபோதெல்லாம், காது போனவனுக்குக் கச்சேரி எதற்கு என்று சொல்லிப் போகாமலே இருந்துவிட்டார். இப்போது போனை இரண்டு கையாலும் வாங்கி, காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, எனக்குக் காது கேக்குதும்மா” என்றார். “நீயும் பாடுவியாமே. கொஞ்சம் பாடேன், கேக்கறேன்.”

அந்தப் பக்கம் வாசிப்பு நின்றது. அவள் தொண்டையைச் செருமுவது அறையில் இருந்த மூவருக்கும் கேட்டது. மறுபடி செருமினாள். இதற்குள் அப்பா பொறுமை இழந்து, லைன் போய்விட்டதா என்று மருமகளிடம் சைகையில் கேட்டார். பிறகு அவள் முதல் வரியை எடுத்தாள். அப்பா அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவள் இரண்டாம் வரியில் ஏறி உச்சிக்குப் போனபோது, அப்பா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.